நாகேஸ் அக்கா திருப்பி அனுப்பிய படகு

திங்கட்கிழமை மத்தியானம் அபி அழைத்தாள். நாகேஸ் அக்காவின் ஒரே மகள். வழக்கமாக "மாமா, சுகமோ?" என்று தொடங்குகிறவள் அன்று அதைக் கேட்கவில்லை. "அம்மா விடிய போயிட்டா. நித்திரையிலதான். எரிக்கிறதுக்கு நாள் குறிக்கிற டெர்மின் இனித்தான் எடுக்கவேணும். அறிவித்தலை நீங்கள் எழுதித் தருவியளோ?" என்றாள். நான் ஓம் என்றேன்.

மரண அறிவித்தல் எழுதுவது எனக்குப் புதிதல்ல. முப்பது வருடமாக ஜேர்மனியில் ஈழத்தமிழருக்கு ஒரு சிற்றிதழ் நடத்துகிறவனுக்கு அது பழகிய கைவேலை. காலஞ்சென்ற இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, அவர் கனடா, இவர் இலண்டன் என்று கோத்துக்கொண்டு போனால் முடிந்துவிடும். ஆனால் சகோதரி ரதியின் பெயர் வந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. "காலஞ்சென்ற" என்று போட்டால் நானே அவளைக் கொன்றவன் ஆவேன். போடாவிட்டால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு ஊர் எழுத வேண்டும். எந்த ஊர்? அபியிடமே கேட்டேன். "அம்மா ஒரு நாளும் சித்திக்கு அந்தச் சொல்லுப் போடேல்லை. நாங்களும் போடாமல் விடுவம்" என்றாள். "ரதியின் பாசமிகு அக்காவும்" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். ஊர் இல்லை.

எசனிலும் கெல்சென்கிர்ச்சனிலும் நம் இதழை வாசித்தவர்களுக்கு நாகேஸ் அக்கா என்றால் சிலருக்குத்தான் தெரியும். "குதிரைக்காரி" என்ற புனைபெயரைச் சொன்னால் எல்லோருக்கும் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஏதோ ஒன்று வேறுமாதிரி நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று, மாதம் இரண்டு பக்கம் எழுதியவர் அவர்தான். வைத்தியசாலையின் சலவைப் பகுதியில் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த அந்த மனுஷி வாழ்நாளில் ஒரு குதிரையைத் தொட்டதில்லை.

அது எப்படித் தொடங்கியது என்பதை அவர் வாயால் கேட்க வேண்டும். ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, பெர்லின் தாண்டி, அகதி விடுதி ஒன்றுக்கு வந்தபோது அங்கே யாரோ விட்டுப்போன ஒரு பெட்டி நிறையக் கௌபோய்க் கதைப் புத்தகங்கள் கிடந்தன. கியோஸ்க் என்கிற பெட்டிக்கடையில் வார வாரம் விற்கிற மெல்லிய புத்தகங்கள். அகராதியை வைத்துக்கொண்டு அவற்றிலிருந்துதான் அக்கா ஜேர்மன் படித்தார். எல்லாக் கதையிலும் அந்நியன் ஒருவன் மதுக்கடைக்குள் நுழைந்து ஒரே வசனத்தைச் சொல்கிறான். புதிய இடத்துக்குப் போனால் சொல்லவேண்டிய மரியாதை வார்த்தை அதுதான் என்று அக்கா நம்பிவிட்டார். வெளிநாட்டவர் அலுவலகத்தில் முதல் டெர்மின். கதவைத் திறந்து, நிமிர்ந்து நின்று, ஜேர்மனில் சொன்னார்: "எனக்கு இங்கே வம்பு வேண்டாம். இரவு தங்க ஒரு இடம் போதும்." அதிகாரி தலைநிமிர்ந்து பார்த்தாராம், பிறகு மேசையில் கையால் அடித்துச் சிரித்தாராம். அவரும் அந்தப் புத்தகங்களை வாசிக்கிறவர். அடுத்த டெர்மினுக்குப் போனபோது அக்காவுக்கென்று நான்கு புத்தகம் எடுத்து வைத்திருந்தார்.

அந்தப் புத்தகங்களைக் கைவிட்டு நூலகத்தில் சரித்திரம் தேடிப் போனதற்கும் காரணம் சொல்வார். "அதில எல்லாத்திலயும் வெறும் நிலம் எண்டு எழுதியிருக்கினம், தம்பி. வெறும் நிலம் எண்டு ஒண்டு உலகத்தில இல்லை. அங்க இருந்த சனம் குதிரையில இருந்து விழுறதுக்கு மட்டும்தான் கதைக்குள்ள வருகினம்."

எனக்கு முதலில் தந்த கதை கன்சாஸ் பற்றியது. அந்தப் புதிய நிலத்தில் அடிமைகளை வைத்திருக்கலாமா கூடாதா என்பதைக் குடியேறியவர்களே வாக்களித்து முடிவுசெய்யட்டும் என்றார்கள். வாக்களிப்பு நாளன்று பக்கத்து மிசூரியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் துப்பாக்கியோடு வந்து வாக்குப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். இது நடந்தது. அக்காவின் கதையில் அன்று பெருமழை, ஆறு பெருக்கெடுக்கிறது, அவர்களால் வர முடியவில்லை. நான் அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் அக்கா வந்து நின்றார். "தாங்கோ, கிழிக்கவேணும். மழையை மாத்தினது கள்ளம். ஒண்டைத்தான் மாத்தலாம், அதுவும் ஒரு மனிசன்ரை கைக்குள்ள இருந்த ஒண்டை." மழை போய், வாக்குச்சாவடியில் இருந்த எழுத்தர் ஒருவர் வந்தார். துப்பாக்கிக்காரனைப் பார்த்து "உன் வீடு எங்கே?" என்று கேட்கிற எழுத்தர். அந்தக் கேள்வியிலிருந்து பதினொரு மாதம் கதை ஓடியது. கடைசியில் வடக்குக்கும் தெற்குக்கும் போரே வரவில்லை. நான் மகிழ்ந்து போய், "நல்லதுதானே அக்கா?" என்றேன். "ஆருக்கு? போர் வராததாலை அடிமையள் இன்னும் பதினைஞ்சு வருசம் அடிமையளாய்த்தான் இருந்தவை. அடுத்த மாதம் அதைத்தான் எழுதப்போறன்."

அவருடைய வீட்டில் சாப்பிடாதவர் நம்மில் குறைவு. எவ்வளவு பேர் வந்தாலும் அடுப்பின் ஓரத்தில் ஒரு சிறிய சட்டி மூடியபடி இருக்கும், அதை யாரும் தொடக்கூடாது. "குதிரைக்கோ அக்கா?" என்று கேலி செய்வேன். "ஓம், குதிரைக்குத்தான். நீங்கள் சாப்பிடுங்கோ" என்பார்.

எசனில் நடந்த வாசகர் கூட்டத்தை மறந்திருக்கமாட்டீர்கள். தெற்கு பிரிந்துபோய் வென்றிருந்தால் என்ற தொடர் அப்போது போய்க்கொண்டிருந்தது. ஒரு அண்ணை எழும்பி, "இந்தத் தெற்கு எண்டு எங்கட வடக்கைத்தானே சொல்லுறியள்? எங்களைக் கொச்சைப்படுத்திறியளோ?" என்று கேட்டார். அக்கா இருந்த இடத்திலிருந்தே சொன்னார்: "அது அமெரிக்காவின்ரை தெற்கு, அண்ணை. மனிசரை விக்கிறதுக்காகப் பிரிஞ்ச ஆக்களை ஏன் கொண்டுவந்து எங்களோட கட்டுறியள்? எங்களைப் பற்றி எழுதுறதெண்டால் எங்கட பேர் போட்டே எழுதுவன். அதுக்கு எனக்கு இன்னும் ஏலாது." மண்டபம் இரைந்தது. இரண்டு வாரம் திட்டுகிறவர்களின் தொலைபேசி ஓயவில்லை. நான் பயந்தாங்கொள்ளி. இடப்பற்றாக்குறை என்று சொல்லித் தொடரை நிறுத்தினேன். "உங்கட இதழ்தானே தம்பி" என்று அக்கா சொன்னதோடு சரி. அடுத்த இதழில் ஒரு பூப்புனித விழாப் படங்களைப் பார்த்துவிட்டு மட்டும் அழைத்தார். "சாமத்தியவீட்டுப் படம் ரெண்டு பக்கத்துக்கு வந்திருக்கு. நல்ல வடிவாய் இருக்கு."

ஒரு வருடம் கழித்து, கெல்சென்கிர்ச்சன் ரயில் நிலையத்துக் கோப்பிக் கடையில் கடைசிக் கதையைத் தந்தார். ஆறு தாள், பந்தி பந்தியாகக் கையெழுத்து. மிசூரியில் அடிமைகளாக இருந்த அக்காவும் தங்கையும் தப்பி, ஆற்றைக் கடந்து கன்சாஸ் போகப் பார்க்கிறார்கள். படகில் ஓர் ஆளுக்குத்தான் இடம். அக்கா முதலில் கடக்கிறாள். தேடி வருகிறவர்களின் நாய்கள் குரைக்கின்றன. பயந்த படகுக்காரன் அங்கேயே நின்றுவிடுவான் என்றுதான் யாரும் எழுதுவார்கள். நாகேஸ் அக்கா மாற்றியது அந்த ஒன்றை. அவன் படகைத் திருப்புகிறான். தங்கையை ஏற்றிக்கொண்டு வருகிறான். "கரையில் கால் வைத்ததும் தங்கை சொன்னாள்" என்று ஒரு வரி. அதற்குக் கீழே பக்கம் வெறுமை.

மிச்சம் எங்கே என்று கேட்டேன். அன்றுதான் ரதியைப் பற்றிச் சொன்னார். ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரனிடம் ஓர் ஆளுக்குத்தான் ஒழுங்கு சரிவந்தது. மூத்தவள் முதலில் போகட்டும், தங்கைக்கு அடுத்த மாதம் என்றான். அடுத்த மாதம் அவன் வரவேயில்லை. ரதியைப் பற்றிய தகவலும் பிறகு எவரிடமிருந்தும் வரவில்லை. "படகுக்காரன்ரை குரல் எனக்குக் கேக்குது. நாயின்ரை குரலும் கேக்குது. இவள் இறங்கி என்ன சொல்லுவாள் எண்டுதான் தெரியேல்லை. ரதியின்ரை குரலை நான் மறந்துபோனன் தம்பி. மேல 'தங்கை ரதிக்கு' எண்டு எங்கட ஊர்ப் பேரோட, இப்பிடியே போடுங்கோ. வாசிக்கிற ஆருக்கும் அவளைத் தெரிஞ்சிருந்தால் சொல்லுவினம்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முடிச்சுத் தாங்கோ அக்கா, போடுவம்." குதிரைக்காரியின் பெயர் திரும்ப வந்தால் தொலைபேசியும் திரும்ப வரும் என்ற பயம். அந்த ஆறு தாளும் மூன்று வருடம் என் மேசை லாச்சிக்குள் கிடந்தன. அக்கா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இன்று ஏக்கமாக இருக்கிறது.

தகனத்தன்று எல்லாம் முடிந்து வெளியே நின்றபோது ஒரு பெண் அபியிடம் வந்தார். பெயர் சுகந்தி, எசனில் இருக்கிறார், அக்கா வீட்டிலிருந்து ரயிலில் பத்து நிமிடத் தூரம். என்னைப் பார்த்ததும், தொடக்கத்திலிருந்து நம் இதழை வாசிப்பதாகச் சொன்னார். "கூட்டங்களுக்கு நான் வாறதில்லை, குதிரைக்காரி ஆரெண்டு எனக்கு இண்டுவரைக்கும் தெரியாது. அறிவித்தலில ரதியின்ரை பேரைக் கண்டுதான் ஓடி வந்தனான். பள்ளிக்கூடத்தில எனக்குப் பக்கத்து வாங்கில இருந்தவள்."

வெட்கத்தை விட்டு அங்கேயே கேட்டேன். ரதி எப்படிக் கதைப்பாள்?

சுகந்தி சிரித்தார், சிரிக்கும்போதே அழுதார். "பள்ளிக்கூடம் விட்டு அவளோட வீட்டை போவன். படலையைத் திறக்க முதலே கத்துவாள், 'அக்கா, எனக்கு வைச்சிருக்கிறியோ?' எண்டு. என்னத்தை எண்டு சொல்லமாட்டாள். சோறோ மாம்பழமோ, ஏதெண்டாலும். எங்க போட்டு வந்தாலும் முதல் கதை அதுதான்."

அபி என்னைப் பார்த்தாள். அடுப்போரத்துச் சட்டி எங்கள் இருவருக்கும் தெரியும். குரலை மறந்துபோன மனுஷி, அந்தக் குரல் கேட்ட பங்கை நாற்பது வருடமாக ஒவ்வொரு நாளும் எடுத்து மூடி வைத்திருக்கிறார்.

ஒன்றைத்தான் மாற்றலாம், அதுவும் ஒரு மனிதரின் கைக்குள் இருந்த ஒன்றை. அக்காவின் விதியை என்மேல் வைத்துப் பார்க்கிறேன். என்னால் போரை மாற்ற முடியாது, ஏஜென்சிக்காரனையும் திருப்பிக் கூப்பிட முடியாது. என் கைக்குள் இருந்தது ஒரு லாச்சி. மூன்று வருடத்துக்கு முன் அதைத் திறந்திருந்தால், சுகந்தி அந்தக் கதையை வாசித்திருப்பார், இரண்டு சகோதரிகளையும் அடையாளம் கண்டிருப்பார், ரயில் ஏறி வந்திருப்பார். அக்கா தன் தங்கையின் குரலை ஒரு முறையாவது திரும்பக் கேட்டிருப்பார். இந்தக் கதையை நான் எத்தனை தரம் எழுதினாலும் அக்கா சிரித்தபடிதான் முடிகிறது. அதுதான் எனக்குத் தாங்கமுடியவில்லை.

அந்த ஆறு தாளும் இந்த இதழில் வருகின்றன, அவருடைய சொந்தப் பெயரில். வெறுமையாக இருந்த இடத்தில் ரதியின் வரியைச் சேர்த்திருக்கிறேன். அக்காவின் விதியையும் திறந்த லாச்சியையும் நான் வைத்துக்கொள்கிறேன். கரையில் நின்ற அக்கா தங்கைக்கு என்ன பதில் சொன்னாள் என்பதை மட்டும் எழுதவில்லை. அந்த வீட்டில் சாப்பிட்ட உங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.