ஆகாசக் கப்பலும் ஒரு துண்டு அழகர்கோவில் தோசையும்

அன்று அங்கே இருந்தவர்கள்: வீட்டுச் சொந்தக்காரர் சுப்பையா அண்ணன், அவர் மனைவி காமாட்சி அக்கா, என் மாமியார் வெள்ளையம்மா, மடியில் கைக்குழந்தையோடு நான், மொட்டை மாடியில் ஏரியல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் கொழுந்தன் பாண்டி.

அடுத்த தெரு சரோஜா இல்லை. (இதை ஞாபகத்தில் வையுங்கள். நாற்பது வருசமாக நான் கோட்டை விட்டது இதைத்தான்!)

கே.கே. நகரில் அப்போது எங்கள் தெருவுக்கே ஒரே டிவி, அது சுப்பையா அண்ணனுடையது. நம் ஊர் ஸ்டேஷன் எதுவும் எட்டாது. ஏரியலைச் சரியாகத் திருப்பினால் சிலோன் டிவி மங்கலாக விழும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதில் ஓர் இங்கிலீஷ் தொடர். பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. நாங்களே 'ஆகாசக் கப்பல்' என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

கப்பலுக்குத் தலைவி ஒரு பொம்பளை. அவளுடைய மூன்று வயதுப் பெண் பிள்ளை வேறொரு கிரகத்தில் மாட்டிக்கொண்டது. வாராவாரம் தேடுவாள். பாஷை புரியாவிட்டால் என்ன, பிள்ளையைத் தேடுகிற முகம் புரியாதா?

எனக்குப் புரிந்தது. என் மூத்தவள் செல்விக்கும் அப்போது மூன்று வயது. அலங்காநல்லூரில் என் அம்மா வீட்டில் கிடந்தாள்.

இளையவன் பிறந்ததும் மாமியார் சொன்னது: "ஒத்த அறையில ரெண்டு பிள்ளைய வச்சு எப்படிடி வளப்ப? பள்ளிக்கூடத்துல சேக்கையில கூட்டியாந்துக்கலாம்."

எங்கள் பக்கம் அது வழக்கந்தான். நான் எதிர்த்துப் பேசவில்லை.

மனசுக்குள் மட்டும் ஒன்று நினைத்துக்கொண்டேன். கப்பல்காரிக்குப் பிள்ளை கிடைக்கிற அன்று, நானும் வாயைத் திறந்து என் பிள்ளையைக் கேட்டுவிடுவது.

கடைசி வாரம் வந்தது!

கப்பல் இறங்கிவிட்டது. பெரிய இரும்புக் கதவு. அவள் அதன் முன்னால் நிற்கிறாள். கதவு லேசாக அசைகிறது...

வாசலில் மைக்செட்காரர்.

"அண்ணே, காளியம்மன் கோயிலுக்குக் குழாய் ரேடியோ கட்டணும். ஒசரமான கம்பி உங்க மாடியிலதேன் இருக்காம்ல?"

"இப்பவே வேணுமாய்யா?" என்றார் சுப்பையா அண்ணன்.

"சாமி காரியம்ணே. காப்புக் கட்டியாச்சு."

சாமி காரியத்துக்கு இல்லை என்று சொல்கிற வாய் எங்கள் தெருவில் கிடையாது.

"டேய் பாண்டி, கம்பிய எறக்குடா!"

"அண்ணே, இம்புட்டு நேரம் படம் நல்லா வந்துச்சாண்ணே?" (பாவம், வாராவாரம் மாடியிலேயே நின்றவன் ஒரு நாள்கூடப் படம் பார்த்ததில்லை!)

கதவு திறக்கவில்லை. டிவி முழுக்க வெள்ளைப் புள்ளி. கொஞ்ச நேரத்தில் அதே கம்பியின் உச்சியிலிருந்து அம்மன் பாட்டு. மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

விடிந்ததும் சரோஜா வீட்டு கேட்டில் போய் நின்றேன். அவர்கள் வீட்டிலும் டிவி உண்டு. அதற்கும் மேல் அவர் பி.ஏ. படித்தவர்.

"அக்கா, நேத்து கப்பல் பாத்தீகளா? பிள்ள கெடச்சுச்சா?"

"பாக்காம இருப்பேனா? கெடைக்கலடி. அந்தம்மா போறதுக்குள்ள பிள்ள செத்துப்போச்சு. இந்தா, அழகர்கோயில் பிரசாதம், தோசை. நேத்து சாயங்காலம் வாங்குனது, கெடாது, பிச்சுத் தின்னு."

தோசையை வாங்கிக்கொண்டேன். பிள்ளை செத்தது மட்டும்தான் காதில் ஏறியது.

வீட்டுக்குப் போகவில்லை. இடுப்பில் இருந்த இளையவனோடு அப்படியே பஸ் ஏறினேன். மத்தியானம் செல்வியைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

"யாரக் கேட்டுடி கூட்டியாந்த?"

"யாரையும் கேக்கல அத்தை. பிள்ளைக்குப் பசிக்குதாம். சோறு போடுங்க."

மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தட்டை எடுத்தார். (அந்த ஒரு தட்டுச் சோற்றுக்காக அவரை மன்னித்துவிட்டேன்.)

இப்போது அதே தொடருக்குத் தொடர்ச்சி எடுத்திருக்கிறார்கள்! தமிழிலேயே பேசுகிறார்கள்! போன வாரம் பேத்தி போட்டுக் காட்டினாள்.

பழைய ரசிகர்கள் எல்லாம் கப்பலின் கலர் மாறிவிட்டது என்று இந்த ரசிகர் குழுவில் சண்டை போடுகிறார்கள். எனக்கு வேறு குறை. நட்சத்திரம் பத்தவில்லை! எங்கள் டிவியில் கொட்டிக் கிடக்கும். இதில் அங்கொன்று, இங்கொன்று.

பேத்தி சிரித்தாள். "அம்மாச்சி, அது நட்சத்திரம் இல்ல, சிக்னல் சரியா வராத புள்ளி! கப்பலுக்குள்ளயும் நட்சத்திரம் இருந்துச்சா?"

"இருந்துச்சேடி!"

அப்போதுதான் திரையில் பழைய காட்சி ஒன்று வந்தது. அதே இரும்புக் கதவு.

திறந்தது.

பிள்ளை ஓடி வந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டது. புதுத் தொடரில் அந்தப் பிள்ளை வளர்ந்து, தலை நரைத்து, இப்போது கப்பலுக்குத் தலைவியே அவள்தான்!

பேத்தியிடம் படத்தை நிறுத்தச் சொன்னேன். பக்கத்தில் செல்வி. (அவளுக்கும் நரைத்துவிட்டது.) எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன்.

"விடும்மா. பிள்ள கெடச்சுச்சுன்னு சொல்லியிருந்தா நீ அப்பத்தாகிட்ட கேட்டிருப்ப. அது மாட்டேன்னுருக்கும். செத்துப்போச்சுன்னு சொன்னதாலதானே கேக்காம வந்து தூக்குன?"

நியாயந்தான். விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் அந்தத் தோசை ஞாபகம் வந்தது.

நேத்து சாயங்காலம் வாங்குனது! தொடர் வந்ததும் அதே சாயங்காலம்தானே? அவர் டிவி முன்னால் உட்காரவே இல்லை. அத்தனை தூரம் தள்ளி அழகர்கோவிலில் தோசைக்கு நின்றிருக்கிறார்!

பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல மனசு வராமல், ஒரு பிள்ளையைக் கொன்றுவிட்டார். செல்விக்குக் காய்ச்சல் கண்ட போதெல்லாம் அந்தச் செத்த பிள்ளைதான் என் கண் முன்னால் வந்து நின்றது.

மைக்செட்காரரை மன்னித்தாயிற்று, சாமி காரியம். சுப்பையா அண்ணனையும் மன்னித்தாயிற்று.

அந்தப் பொய்தான் என் பிள்ளையை என்னிடம் சேர்த்தது என்பதும் தெரிகிறது. தோசையும் நன்றாகத்தான் இருந்தது.

இருந்தாலும் சரோஜாவை மன்னிக்க மாட்டேன்.