அக்கா காங்கோவில் சாப்பிட்டது

எங்கள் அக்கா மறைந்து இந்த ஆவணியோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலருக்கு அக்காவை ராணுவ உடையில் எடுத்த படத்தில்தான் தெரியும். அவர் ஊரில் இருந்த நாட்கள் அவ்வளவு குறைவு. அதனால் தம்பியான எனக்குத் தெரிந்தவற்றை எழுதுகிறேன். ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். எழுது என்றார்.

அக்கா பிறந்தது கீரப்பாளையத்தில். அப்பா பஸ் கண்டக்டர். அவருக்குக் கடலூருக்கு மாற்றல் வந்ததும் திருப்பாதிரிப்புலியூரில் வாடகைக்கு வீடு எடுத்தோம். சின்ன வயதில் அக்கா சாப்பாட்டு விஷயத்தில் பெரிய பிடிவாதக்காரர். கத்திரிக்காயைத் தொடமாட்டார். கீரை என்றால் தட்டை நகர்த்திவிடுவார். ஊர்த் திருவிழாவுக்குப் போனால்கூட அம்மா அவருக்கென்று தனியாக ஒரு டப்பாவில் தயிர்சோறு கட்டிக்கொண்டு போவார்.

அக்கா நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அப்பா மாரடைப்பில் காலமானார். படிப்பை நிறுத்திவிட்டு ஏதாவது கிளினிக்கில் வேலைக்குப் போகிறேன் என்று நின்ற அக்காவை அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, விடவில்லை. படிப்பை முடித்த அக்கா ராணுவ மருத்துவமனைச் செவிலியராகத் தேர்வானார். அங்கே செவிலியர்களும் அதிகாரிகள்தான். அக்கா லெப்டினன்டாகச் சேர்ந்து கேப்டன் ஆனார். நான் கல்லூரிக்குப் போனது, சிதம்பரத்தில் எனக்கு வேலை கிடைக்கும்வரை வீடு நடந்தது, எல்லாம் அவரால்தான்.

2004-இல் அக்காவைப் பூடானில் இருக்கும் நம் ராணுவ மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அதுதான் முதல் வெளிநாடு. மழையில் மலைச்சாலை சரிந்து ரேஷன் லாரி வராத ஒரு வாரம், பக்கத்து வீட்டுக்காரர்கள் கொடுத்ததைத்தான் சாப்பிட வேண்டியிருந்தது. அங்கே மிளகாய் காரத்துக்குப் போடுகிற பொருள் இல்லையாம், மிளகாய்தான் காய்கறியே. பச்சை மிளகாயைக் கீறி பாலாடைக்கட்டியோடு வேகவைத்து, சிவப்பரிசிச் சோற்றில் ஊற்றிக்கொள்கிறார்கள். முதல் நாள் கண்ணில் தண்ணீர் வந்தது, நாலாம் நாள் நானே கேட்டு வாங்கினேன் என்று அக்கா எழுதியிருந்தார். அம்மாவுக்கு அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்துக் காட்ட வேண்டியிருந்தது. நம்பவில்லை.

2007-இல் ஐ.நா. அமைதிப்படையோடு ஆப்பிரிக்காவில் காங்கோவுக்குப் போனார். பெரிய ஏரிக்கரையில் ஒரு ஊர். படை மருத்துவமனையில் உள்ளூர்க்காரர்களுக்கும் வைத்தியம் பார்த்தார்கள். அக்கா மெயில் அனுப்புவார். நான் சிதம்பரம் மேல வீதியில் ஒரு பிரவுசிங் சென்டரில் அதைப் பிரிண்ட் எடுத்து, வார விடுமுறையில் அம்மாவிடம் கொண்டுபோய்ப் படிப்பேன். மரவள்ளி மாவில் களி கிண்டுவது, மரவள்ளி இலையை இடித்துப் பனை எண்ணெயில் வேகவைப்பது, ஏரியில் பிடிக்கும் நெத்திலி மாதிரியான பொடிமீன் என்று பாதி மெயில் சாப்பாடாகவே இருக்கும். ஒரு மெயிலில், வறுத்த வெட்டுக்கிளி சாப்பிட்டேன், மொறுமொறுவென்று இருந்தது என்று எழுதியிருந்தார். அம்மாவிடம் படிக்கும்போது அந்த வரியை நான் தாண்டிவிட்டேன்.

ஆனால் வெளியில் தாண்டவில்லை. சிதம்பரத்தில் பெரிய மாமா வீட்டுக் கல்யாணப் பந்தியில், பக்கத்தில் இருந்தவர்களைச் சிரிக்கவைப்பதற்காக அதைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

அடுத்த ஆண்டு அக்கா திரும்பி வந்து விடுப்பில் இருந்தபோது திட்டக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட ஆசிரியர். அம்மாவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பெண் பார்க்க வந்த அன்று கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டு முடித்த பிறகு, மாப்பிள்ளையின் பெரியம்மா அக்காவிடம் மெதுவாகக் கேட்டார்.

“வெளிநாட்டுல பூச்சி கீச்சியெல்லாம் சாப்ட்டன்னு பேசிக்கிறாங்க. அப்படியெல்லாம் இல்லதானம்மா?”

கல்யாணப் பந்தியில் நான் சொன்னது அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அம்மா அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“சாப்ட்டேங்க. வெட்டுக்கிளி. உப்புதான் கொஞ்சம் ஜாஸ்தி,” என்றார் அக்கா.

இரண்டு நாள் கழித்து ஜாதகம் சரியில்லை என்று போன் வந்தது. அதற்கு முன்பே பொருத்தம் பார்த்திருந்தோம். விடுப்பு முடியும்வரை அம்மா அக்காவிடம் பேசவில்லை. சோறு போடுவார், தண்ணீர் வைப்பார், பேசமாட்டார்.

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிடப் போனபோது, பந்தியில் சொன்னது நான்தான் என்று அக்காவிடம் ஒப்புக்கொண்டேன். அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். “நான் எழுதுனதத்தானடா சொன்ன. பொய்யா சொன்ன?” என்றார். பிறகு என் வேலையைப் பற்றி விசாரித்தார். அக்கா அதற்குப் பிறகு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேறு வரன்கள் வந்தன, அவர் வேண்டாம் என்றார். அதற்கு நான் காரணம் இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். இருந்தாலும் இன்றுவரை எனக்கு அது தீரவில்லை.

2009-இல் அடுத்த விடுப்பு. ஒரு நாள் காலை அம்மா தோட்டத்துப் பக்கம் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். அக்கா கேட்காமலே பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஆய்ந்தார். நான் வாசற்படியில் இருந்தேன். தலையை நிமிர்த்தாமல் அம்மா கேட்டார்.

“நம்ம சோறுதான் அங்கயும் குடுத்தாங்கன்ன. அப்பறம் ஏம்மா அதப் போயித் தின்ன?”

அக்கா அப்போதுதான் சொன்னார். எனக்கு எழுதிய மெயிலில் இது இல்லை. கொதிக்கிற எண்ணெய் காலில் கொட்டி, ஆறு வயதுப் பெண் ஒருத்தி வார்டில் இருந்தாள். அவளுடைய அம்மா சந்தையில் வறுத்த வெட்டுக்கிளி விற்பவர். மூன்றாம் நாள் அந்த அம்மா ஒரு இலைப் பொட்டலம் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தார். அக்கா சிரித்து வாங்கிக்கொண்டு, பிறகு குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார். அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டார். சண்டை எதுவும் போடவில்லை. மறுநாளிலிருந்து பெண்ணின் காலில் கட்டு மாற்ற அக்காவை விடவில்லை. ஆஸ்பத்திரிக் கஞ்சியையும் பெண்ணுக்குக் கொடுக்கவிடவில்லை. அங்கே கூட்டிப் பெருக்கும் பெண்மணி மூலம் அக்கா காரணம் கேட்டிருக்கிறார். எங்கள் சாப்பாடு உங்களுக்கு அழுக்கு என்றால் உங்கள் மருந்தை நான் எப்படி நம்புவது என்று பதில் வந்தது.

அன்று மத்தியானம் அக்கா போய் அந்த அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையை நீட்டினார். அந்த அம்மா நெடுநேரம் கொடுக்கவில்லை. பிறகு ஒரு பிடி எடுத்து வைத்தார். அக்கா அவர் முன்னாலேயே அத்தனையும் சாப்பிட்டார். அந்தச் சின்னப் பெண் பார்த்துச் சிரித்தாளாம். மறுநாள் கட்டு மாற்றக் காலை நீட்டினாள்.

அம்மா கை வேலையை நிறுத்தியிருந்தார்.

“அந்தப் புள்ள சாப்ட்டுச்சா?”

“சாப்ட்டுச்சிம்மா. கஞ்சியும் குடிச்சிச்சி. நடந்துதான் வூட்டுக்குப் போச்சி.”

“அப்ப சரி,” என்றார் அம்மா. மிச்ச மீனை இரண்டு பேரும் ஆய்ந்து முடித்தார்கள். அதற்குப் பிறகு அந்த வரனைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.

2010 கடைசியில் அக்காவுக்கு வயிற்று வலி தொடங்கியது. கணையத்தில் கட்டி என்றார்கள். ராணுவ மருத்துவமனையில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். அடுத்த சித்திரையில் வீட்டுக்கு வந்துவிட்டார். மேஜர் பதவி உயர்வுக் கடிதம் வீட்டு முகவரிக்குத்தான் வந்தது. தனக்கு என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரியும். தலையணையின் உயரத்தையும் மருந்தின் அளவையும் அவரே சொல்லி, எங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தார்.

உடன் பணிபுரிந்த மிசோரம் செவிலியர் ஒருவர் விடுப்பு எடுத்து வந்து பத்து நாள் எங்கள் வீட்டில் தங்கினார். எதுவும் இறங்காமல் இருந்த அக்காவுக்கு, அரிசியையும் கோழிக்கறியையும் ஒன்றாகக் குழையவிட்டு, உப்பும் இஞ்சியும் மட்டும் போட்டு ஒரு கஞ்சி வைத்தார். அக்கா அரைக் கிண்ணம் குடித்தார். அம்மா அடுப்புப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டார். அந்தச் செவிலியர் ஊருக்குப் போன பிறகு கடைசிவரை அம்மாதான் அதை வைத்துக் கொடுத்தார். ஆவணி மாதம் ஒரு காலை, தூக்கத்திலேயே அக்காவின் மூச்சு நின்றது.

அந்த மிசோரம் சகோதரிக்கும், அழைத்தபோதெல்லாம் வந்து ஊசி போட்ட எங்கள் தெரு கம்பவுண்டருக்கும், அக்காவைத் தோளில் சுமந்த படை நண்பர்களுக்கும், அப்பா போன நாளிலிருந்து எங்களைக் கைவிடாத பெரிய மாமாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெயர் விட்டுப்போனவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நினைவு நாள் படையலுக்குச் சாமான் பட்டியல் எழுதும்போது, அவளுக்குப் பிடித்ததைச் சொல்லும்மா என்று மாமா அம்மாவிடம் கேட்டார். அம்மா சொன்னார்.

“எங்கிட்ட இருந்தவரைக்கும் எதையும் தொடாது. போன எடத்துலயெல்லாம் குடுத்ததச் சாப்ட்டிருக்கு. எதப் புடிக்கும்னு நான் என்னத்தச் சொல்றது? யாரு எத செஞ்சி எடுத்தாந்தாலும் வாங்கி வைங்கண்ணே.”

அதனால் வரும் உறவினர்கள் வெறுங்கையோடு வந்தாலும் சரி, வீட்டில் செய்தது எதையாவது கொண்டுவந்தாலும் சரி, அக்காவின் முன்னால் அதற்கு இடம் இருக்கும்.