தென்னை உச்சியில் ஒரு மணி நேரம்

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன் என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் தேங்காய் பறிப்பது என் தொழில். போன வருடம்தான் மரமேறும் கருவி வாங்கினேன். உட்கார மேல் சட்டம், கால் வைக்கக் கீழ்ச் சட்டம். இரண்டையும் கயிற்றால் பிணைத்துக்கொண்டுதான் ஏற வேண்டும். அன்று பிணைக்க மறந்துவிட்டேன். உச்சியில் என் கால் நழுவியதும் கீழ்ச் சட்டம் மரத்தோடு சறுக்கி அடிவரை போய்விட்டது. முந்தின நாள் மழையில் மரம் வழுக்கியது. இறங்க வழியில்லை.

கீழே பெண்கள் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிடக் கூச்சம். குலையைப் பார்ப்பவன்போல ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இடுப்பு கடுத்தது.

மரத்துக்காரப் பெண் நிமிர்ந்து பார்த்தார். “இன்னாண்ணா, மேலயே குடித்தனம் வெச்சிட்டியா?”

“எறங்க முடியலமா” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி கத்தினேன்.

வலை சரிசெய்துகொண்டிருந்தவர்கள் அந்த வலையோடு ஓடி வந்து, மரத்தடியில் இழுத்துப் பிடித்தார்கள். “பயப்படாத நைனா! வுயுந்தா கொடுவா மீனு மாரி அள்ளிருவோம்!” என்றார் ஒருவர். குலை இறக்கும் கயிற்றைக் கீழே விட்டேன். அதில் சட்டத்தைக் கட்டினார்கள். மேலே இழுத்து மாட்டிக்கொண்டு இறங்கினேன். கால் தரையில் பட்டதும் ஒரே விசில்.

அந்தப் பெண் நண்டுக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டார். “இம்மா நேரம் ஏண்ணா கூப்புடல?”

“வெக்கமா இருந்திச்சி.”

குப்பமே சிரித்தது. நானும் வாய்விட்டுச் சிரித்தேன்.

உதவி கேட்டால் பிறருக்குத் தொந்தரவு என்றே நினைத்திருந்தேன். வலை பிடித்தவர்கள் முகத்திலோ நல்ல மீன்பாடு கிடைத்த சந்தோஷம்தான் இருந்தது.

இதை எழுதவும் பல நாள் கூச்சப்பட்டேன். ஒருவழியாக எழுதி முடித்தது தை மாதம் ஏழாம் தேதி.