பதின்மூன்றாம் சேனலும் என் வயிற்றெரிச்சலும்

வயர்லெஸ் வேலையில் சிக்னல் வந்தால் யாரும் நம்மைத் தேட மாட்டார்கள். வராவிட்டால் கழிவறை வரைக்கும் தேடி வருவார்கள். பாதி வாழ்நாளை ஏணி மேல் கழித்த என் சகாக்களுக்கு இது புதிதல்ல.

நோஞ்சான் பக்கம்

ஒரகடத்தில் கம்பெனிகள் வரிசையாக முளைத்துக்கொண்டிருந்த காலம். ஒரு உதிரிபாகக் கம்பெனியின் குடோனுக்கு வயர்லெஸ் பெட்டி மாட்ட, காண்ட்ராக்டில் இரண்டு பேர் போனோம்: நானும் சங்கரன்கோவில்காரன் சுடலையும். ஆளுக்குப் பாதி குடோன். முடிந்ததும் ஒருவரைக் கம்பெனியே எடுத்துக்கொள்ளும் என்றார்கள். எனக்கோ பெண் பார்த்திருந்தார்கள், பெண் வீட்டார் கேட்ட ஒரே கேள்வி, "வேலை பர்மனென்டா?"

நம் நாட்டில் ஒரு பெட்டி இவ்வளவு பவருக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம் உண்டு. நான் அதற்குள்ளேயே வைத்தேன். சரக்கைப் பதியும் கை ஸ்கேனரில் சிக்னல் என் பக்கம் இரண்டு கோடு காட்டும், சுடலை பக்கம் ஐந்து. ஸ்டோர் கீப்பர் எத்திராஜ் பிள்ளைப்பாக்கத்துக்காரர், மனசில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டார். எல்லார் முன்னாலும் கேட்டார்: "இன்னா நைனா, அவன் பக்கம் புல்லா கீது, உன் பக்கம் மட்டும் நோஞ்சானா கீது?"

வல்லக்கோட்டை வேண்டுதல்

வயிறு எரிந்தது. அவன் டீ குடிக்கப் போன நேரம் அவன் பெட்டியின் செட்டிங்கைத் திறந்தேன். நாடு என்ற இடத்தில் இந்தியாவை எடுத்துவிட்டு, பவர் தாராளமாக விடும் வேறொரு நாட்டைப் போட்டிருந்தான். மேனேஜரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கம்பெனி வேலையைச் சரிபார்க்கும் ஆடிட் அன்று எல்லார் முன்னாலும் மாட்டட்டும் என்று வல்லக்கோட்டை முருகனிடம் வேண்டிக்கொண்டேன். என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனதும் சுடலைதான், அவன் பைக்கில். திரும்பும்போது கேட்டான்: "எனக்கும் சேத்து வேண்டிக்கிட்டியளா அண்ணாச்சி?"

பதின்மூன்று

அவனை எப்படியாவது மிஞ்ச வேண்டும். அக்கம்பக்கத்துக் கம்பெனிகளின் சிக்னல் எல்லாம் ஒன்று, ஆறு, பதினொன்று என்ற சேனல்களில், அதாவது அலைத்தடங்களில், நெருக்கியடித்தது. இந்தியாவில் பதின்மூன்று வரை அனுமதி. காலியாகக் கிடந்த பதின்மூன்றில் என் பெட்டிகள் அத்தனையையும் ஏற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலை ஷிப்டில் என் பக்கம் ஒரு ஸ்கேனர்கூட வேலை செய்யவில்லை. அவை அமெரிக்கச் சட்டத்துக்கு ஏற்பச் செய்தவை. பதினொன்றுக்கு மேல் அவற்றுக்குக் காது கேட்காது. போர்க்லிப்டுகள் வரிசைகட்டி நின்றன. சுடலை வந்து பத்து நிமிஷத்தில் சேனலை மாற்றிவிட்டுப் போனான். எத்திராஜ் என்னிடம் வந்தார்: "சட்டம் உனுக்குத் தெர்ஞ்சா போதுமா? மிஷினுக்குத் தெரிய வாணாமா?"

முருகன் கேட்டுவிட்டான்

ரேக் நிறைய இரும்புச் சாமான் ஏறியதும் சுடலை பக்கத்துக் கடைக்கோடியில் வினோதம். கோடு ஐந்தும் இருக்கும், ஸ்கேன் போகாது. பெட்டி போட்ட கூச்சல் ஸ்கேனருக்குக் கேட்டது. ஸ்கேனரின் சின்னக் குரல் பெட்டிக்கு எட்டவில்லை. ஆடிட்டர் செட்டிங்கைத் திறந்தார். எனக்கு உள்ளுக்குள் பொங்கல்.

யார் வேலை என்று மேனேஜர் கேட்பதற்குள் சுடலை முன்னால் வந்து, "நான்தான் சார், தப்பு" என்றான். மத்தியானத்துக்குள் பவரைக் குறைத்து, கூடுதலாக ஒரு பெட்டி மாட்டிச் சரியும் செய்துவிட்டான். எல்லார் முகமும் தெளிந்துவிட்டது. விடுவேனா? "எனக்கு ரெண்டு மாசமாவே தெரியும் சார்" என்றேன் பெருமையாக. மேனேஜர் என் பக்கம் திரும்பினார்: "ரெண்டு மாசமா தெரிஞ்சிகினு சும்மாவா இருந்த? அப்புறம் உன்னை நம்பி எப்படிப்பா பிளான்ட்டை விடறது?"

பர்மனென்ட் வேலை சுடலைக்குப் போயிற்று. பெட்டியின் பவருக்கு அளவு வைத்த சர்க்கார் வயிற்றெரிச்சலுக்கும் ஒன்று வைத்திருந்தால், பெண் வீட்டாருக்கு நான் வேறு பதில் சொல்லியிருப்பேன்.