அம்மாவின் இழுப்பும் தேனீப் பாடமும்

நான்காம் வகுப்பில் என் அம்மாதான் எனக்கு டீச்சர். தாம்பரத்தில் அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் என்னைவிட நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்பது என் அசைக்க முடியாத நம்பிக்கை. ஒரு பக்கத்தை எடுத்தால் கடகடவென்று முடித்துவிட்டுத்தான் நிமிர்வேன். ஆனால் அம்மா என்னை வாசிக்க எழுப்பியதே இல்லை. செம்பாக்கம் ஏரிக்கரை வழியாக நடந்து வரும் ஒரு பெண்ணைத்தான் வாசிக்கச் சொல்வார். அவள் எழுத்துக்கூட்டி, ஒரு வரிக்கு நாலு இடத்தில் நின்று, தலையைச் சொறிந்து, மறுபடி தொடங்குவாள். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அம்மா மட்டும் மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றிக் குனிந்து, அவசரமே இல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கு வயிறு எரியும்.

அம்மாவுக்கு இழுப்பு உண்டு. பள்ளிக்கூடத்தில் யாருக்கும் அது தெரியக்கூடாது, ஏனென்றால் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அப்பாவோ, "உடம்பைக் கெடுத்துக்கிட்டு இந்த உத்தியோகம் எதுக்கு? வேலையை விட்டுடு" என்று சமயம் கிடைக்கும்போதெல்லாம் சொல்வார். "என் மூச்சு எனக்குத் தெரியும், நான் பார்த்துக்கறேன்" என்று அம்மா பேச்சை முடித்துவிடுவார். பார்த்துக்கொள்ளவும் செய்தார். கரும்பலகையை ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். டஸ்டரை வெளியே கொண்டுபோய்த்தான் தட்ட வேண்டும். கைப்பையில் மாத்திரையும், பிளாஸ்கில் பாலில்லாத காப்பியும் எப்போதும் இருக்கும். அடுப்புப் புகை, பழைய பாய், மழைக்கால ஈரம் என்று தனக்கு ஆகாததெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அந்த வருஷம் ஐப்பசியில், இரண்டு நாள் விடாமல் மழை பெய்து முடித்த காலையில், இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் எழுதுவதை வைத்துத்தான் அம்மாவின் வேலை நிரந்தரமாகும். ஏரி நிரம்பி வழிந்ததால் செம்பாக்கத்துப் பெண் வரவில்லை. தலைமையாசிரியையும் இன்ஸ்பெக்டரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததும் அம்மா தேனீக்களைப் பற்றிய பாடத்தைத் தொடங்கினார். நாலாவது வாக்கியத்தில் குரல் தேய்ந்தது. கைகள் மேசையில் ஊன்றின. கண்கள் அந்தப் பெண்ணின் காலி இடத்துக்குப் போய், பிறகு என்மேல் வந்து நின்றன.

"நீ... வாசி."

எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து நின்று, கமா, முற்றுப்புள்ளி எதையும் மதிக்காமல் பாடம் முழுவதையும் விளாசித் தள்ளினேன்.

"ஏம்மா, ரயிலைப் புடிக்கணுமா?" என்று கேட்டு இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

அம்மா கையை ஆட்டி, "இன்னொரு தடவை" என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்து இன்னும் வேகமாக வாசித்தேன். முடித்தபோது அம்மாவின் நெஞ்சிலிருந்து வந்த விசில் கடைசி பெஞ்சுவரை கேட்டது.

"டீச்சர், உங்களுக்கு இழுப்பா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

தலைமையாசிரியையின் முகம் மாறியது. அம்மா அவசரப்படவில்லை. இரண்டு மூச்சு இழுத்தபின் சொன்னார்: "ஆமா சார். கால் மணி நேரம் குடுங்க. பாடத்தை முடிச்சுடறேன்."

எங்களைத் தேனீ படம் வரையச் சொல்லிவிட்டு, எல்லோர் முன்னாலும் மாத்திரையைப் போட்டு, காப்பியைக் குடித்து, நாற்காலியில் முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தார். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. சிலேட்டில் என் தேனீக்கு இறக்கையே வரவில்லை. ஆனால் சொன்னபடியே அம்மா எழுந்தார், பாடத்தை முடித்தார், கேள்வியும் கேட்டார். பிள்ளைகள் பதில் சொன்னார்கள். "மருந்து கையில இருக்கு, பாடமும் நடக்குது. இதை ஏம்மா மறைக்கணும்?" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் நோட்டில் ஏதோ எழுதினார்.

கோடை விடுமுறைக்கு முன் வேலை நிரந்தரமாயிற்று. என் வாசிப்பால்தான் அது நடந்தது என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். அப்பாவும் நம்பினார். அம்மா சிரித்தாரே தவிர மறுக்கவில்லை.

அந்த ஐப்பசிக்குப் பிறகு அம்மா இழுப்பை மறைக்கவில்லை. வந்தால் எங்களுக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு வெளிப்படையாகவே உட்கார்ந்துவிடுவார். வாசிக்கும் முறை வரிசையாக எல்லோருக்கும் வந்தது, எனக்கும் வந்தது. செம்பாக்கத்துப் பெண்ணுக்கு மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிகம்.

ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் அவள் என்னை நிறுத்தினாள்.

"உங்கம்மாவுக்கு எம்மேல இன்னா கோவம்? முன்ன மாதிரி என்னியப் படிக்கவே சொல்ல மாட்டேங்கறாங்களே."

"நீ இப்படி நின்னு நின்னு படிச்சா யாருக்குத்தான் பிடிக்கும்?" என்றேன்.

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு போனாள். அவள் நின்ற இடங்களில்தான் என் அம்மா அந்த ஐப்பசிவரை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார் என்பது அப்போது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.