சியெஸ்தா நேரத்தில் யாரோ திருத்திய பட்டியல்

இதைக் கேட்டு என் வீட்டுக்காரரே சிரித்தார். நீங்களும் சிரித்துவிட்டுப் போகலாம், எனக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை. ஆனால் இது நடந்தது. எனக்குத்தான் நடந்தது. அதுவும் ராத்திரியில் இல்லை... பட்டப்பகலில், உச்சி வெயிலில்.

எங்கள் ஊர் பராகுவேயில் வில்யாரிக்கா. ஜனவரி எங்களுக்கு நடுக்கோடை; மத்தியானம் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும். அந்த சியெஸ்தா நேரத்தில் வெளியே திரிந்தால் ஜாசி ஜாத்தெரே என்ற குட்டிப் பிசாசு தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று பிள்ளைகளை மிரட்டித்தான் வளர்ப்போம். நான் மட்டும் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், சர்வர் அறையில் தனியாக உட்கார்ந்திருப்பேன். என் பெயர் நில்டா. பேய் பிசாசு என்றால் வாய்விட்டுச் சிரிக்கிற ஆள்தான் நானும், அந்த நாள் வரைக்கும்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் டைரக்டரி சர்வரில் ஒரு பதிவு உண்டு. பெயர், பிரிவு, பாஸ்வேர்ட் எல்லாம் அதில் இருக்கும். யார் யார் எந்தக் கதவைத் திறக்கலாம், யார் சர்வரில் திருத்தலாம் என்பதற்கு ஒரு தனிப் பட்டியல். அதில் பெயர் இருந்தால்தான் மருந்து அலமாரிகூடத் திறக்கும். புதிதாக ஒருவர் வந்தால் நாலு வரி எழுதி, கறுப்புத் திரையில் ஒரு கமாண்ட் கொடுப்பேன். மௌஸ், பட்டன் எதுவும் கிடையாது. சர்வர் எழுதியதை எழுதியபடி செய்யும், 'நிஜமாகத்தானா?' என்று திருப்பிக் கேட்காது.

ஒன்பது வருஷம் இந்த வேலையை என்னோடு சேர்ந்து பார்த்தவர் எலிகியோ ஃப்ரெத்தெஸ். மரியாதைக்கு 'தோன்' சேர்த்து தோன் எலிகியோ என்போம். என் இடது பக்க நாற்காலி அவருடையது. ஊழியர் யாராவது இறந்துபோனால், அடக்கம் முடிவதற்குள் அவரே அந்தப் பதிவை 'ஓய்வு' என்று தான் உண்டாக்கி வைத்திருந்த தனிக் கிளைக்கு நகர்த்திவிடுவார். கதவுப் பட்டியலிலிருந்தும் பெயரை எடுத்துவிடுவார். வேறு யாரையும் தொடவிட மாட்டார்.

"செத்தவங்களுக்கு எதுக்கும்மா கதவு?" என்பார்.

போன ஆகஸ்டில் அவரே தூக்கத்தில் போய்விட்டார். நான் அவருடைய பாஸ்வேர்டை மட்டும் அழித்தேன். பதிவை நகர்த்த மனசு வரவில்லை. அது ஊழியர்களோடு அப்படியே இருந்தது.

இன்னொரு பழக்கமும் போகவில்லை. தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைத் தேநீர் குடிக்கும்போது ஒரே கொம்புக் குவளை, ஒரே குழல், ஆளுக்கு ஒரு முறை. ஐஸ் தண்ணீர் ஊற்றுவது நான். என் முறை முடிந்ததும் கை தானாகக் குவளையை நிரப்பி இடது பக்கம் வைத்துவிடும். அப்புறம்தான் ஞாபகம் வரும். அசடு வழிந்துகொண்டு அதையும் நானே குடிப்பேன்.

இது நடந்த அன்றைக்கு மத்தியானம் பிளாசிதா போன் பண்ணினாள். குழந்தைகள் வார்டு நர்ஸ், என் சிநேகிதி. பக்கத்து ஊர் யாதாய்த்தியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவள்.

"என்னடி, அந்தக் குளிர் குகையிலதான் கிடக்கியா?"

"வெளியில வெந்து சாகறதுக்கு இது மேல்."

"ரெண்டு மணி டூட்டிக்கு வரேன். சிபா ரொட்டி சுட்டு வச்சிருக்கேன், சூடா எடுத்துட்டு வரேன். ஆமா, காலையில மூணு தடவை கூப்பிட்டேன், ஏன் எடுக்கல? நீ கூப்பிட்டா மட்டும் நான் எங்க இருந்தாலும் எடுக்கணும், இல்ல?"

"நீ நல்லவ. நான் அப்படி இல்ல."

"அது ஊருக்கே தெரியும்," என்று சிரித்தபடி வைத்தாள்.

ராத்திரி டூட்டிக்கு ஒரு புது நர்ஸ் வருவதாக இருந்தது. அவனைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். முந்தின நாள் ஒரு வார்டின் டெலிபோன் எண்ணை மாற்றிய கோப்பு கையில் இருந்தது. அதையே நகலெடுத்துப் பெயர்களைத் திருத்தினேன். நடுவில் கரண்ட் ஒருமுறை கண் சிமிட்டியது. ஏசி நின்று மறுபடி உறுமியது. நான் கமாண்டை அனுப்பினேன். மணி 1:22.

பழைய கோப்பில் இருந்தது 'மாற்று'. நான் எழுதியிருக்க வேண்டியது 'சேர்'.

சேர் என்றால் இருக்கிறவர்களோடு ஒருவர் கூடுவார். மாற்று என்றால் இருக்கிற அத்தனை பேரும் போய் அவர் ஒருவர் மட்டும் நிற்பார். பட்டியலைக் கேட்டுப் பார்த்தேன். நீளமாக ஓடவேண்டிய திரையில் ஒரே ஒரு பெயர். இன்னும் வேலைக்கே வராத அந்தப் பையன்.

அவசரமாகத் திருத்த முயன்றேன். 'உங்களுக்கு அதிகாரம் இல்லை' என்றது சர்வர். அந்தப் பட்டியலில் நானும் இருந்தேன் அல்லவா? என் பெயரையும் நானே அழித்திருந்தேன்.

போன் அடித்தது. வறண்ட வாய்க்கு அப்போதுதான் ஒரு முறை தெரெரே குடித்திருந்தேன்; மறுபடி நிரப்பிய குவளையை வழக்கம்போல இடது பக்கம் வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். குழந்தைகள் வார்டிலிருந்து நர்ஸ் பெர்லா.

"நில்டா, மருந்து அலமாரி திறக்கல. விரலை வச்சா சிவப்பு எரியுது."

"வேற யாராவது..."

"எல்லாரும் வச்சுப் பார்த்தாச்சு. பச்சைப் பிள்ளைக்கு வலிப்பு வந்திருக்கு. மருந்து அதுக்குள்ளதான் இருக்கு."

"சாவி?"

"மருந்தாளுநர்கிட்ட. வீட்ல தூங்கறாரு, போனை அணைச்சுட்டாரு. காவலாளியை அனுப்பியிருக்கு. நில்டா, பிள்ளை நீலமாகுது."

சர்வரை நிறுத்திப் பழைய நகலை ஏற்றலாம். அதற்கு எப்படியும் அரை மணி நேரம் ஆகும். அந்தப் பிள்ளைக்கு அரை மணி நேரம் ஏது? மறுபடி அனுப்பினேன். அதிகாரம் இல்லை. மறுபடி... அதிகாரம் இல்லை. நான் அழுதுகொண்டிருந்தேன் என்பதே அப்புறம்தான் தெரிந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

க்ர்ர்ர்...

தெரெரே தீரும்போது குழல் அடியில் உறிஞ்சும் சத்தம். எங்கள் ஊரில் அந்தச் சத்தம் தெரியாத காது கிடையாது.

இடது பக்கம் திரும்பினேன்.

யாரும் இல்லை. நாற்காலி மட்டும் மேஜையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. காலையில் அது சுவரைப் பார்த்து இருந்தது.

குவளையை எடுத்தேன். லேசாக இருந்தது.

காலி.

போனில் பெர்லாவின் குரல்.

"திறந்துடுச்சு... பச்சை எரியுது. நில்டா, மருந்து எடுத்தாச்சு."

"நான் ஒண்ணும் பண்ணல," என்றேன். அவள் அதற்குள் வைத்துவிட்டாள்.

பட்டியலைக் கேட்டேன். திரை மேலிருந்து கீழ்வரை ஓடியது. எல்லோரும் திரும்பி வந்திருந்தார்கள். பெர்லா, மருந்தாளுநர், டாக்டர்கள், நான். புதுப் பையனும் ஒழுங்காகக் கடைசியில் நின்றான்.

கடைசியாக யார் திருத்தியது என்று சர்வர் குறித்து வைக்கும். கேட்டேன்.

எலிகியோ ஃப்ரெத்தெஸ். மணி 1:31.

பாஸ்வேர்டே இல்லாத பெயர். சர்வருக்குள் நுழையவே முடியாத பெயர்.

முதுகு சில்லிட்டது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த நொடியில் பயத்தைவிட நிம்மதிதான் அதிகம். பிள்ளை பிழைத்துக்கொள்ளும். மனுஷர் செத்தும் என்னைக் காப்பாற்ற வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

பட்டியலை இன்னொரு முறை மெதுவாகப் படித்தேன்.

ஒரு பெயர் இல்லை.

பிளாசிதா.

அவளுடைய பதிவைத் தேடினேன். ஊழியர்கள் கிளையில் இல்லை. சர்வர் முழுவதும் தேடச் சொன்னேன்.

இருந்தது...

'ஓய்வு' கிளையில்.

நகர்த்தியவர், எலிகியோ ஃப்ரெத்தெஸ். அதே 1:31.

செல்போனை எடுத்தேன். பிளாசிதாவைக் கூப்பிட்டேன்.

மணி போனது. ஒன்று. இரண்டு. மூன்று.

எடுத்தாள்.

"பிளாசிதா? எங்க இருக்கே? பிளாசிதா..."

காற்று. ஹூ... என்று காற்று மட்டும்.

பிறகு அதுவும் இல்லை.

டவர் கிடைக்கவில்லை என்று நினைத்தேன். திரும்பக் கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகப் பதில் வந்தது.

இரண்டு மணிக்கு அவள் டூட்டிக்கு வரவில்லை. மூன்று மணிக்குப் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். யாதாய்த்தி சாலை வளைவில் எதிரே ஒரு கரும்பு லாரி. லாரிக்காரன் ஒழுங்காகத்தான் ஓட்டி வந்தானாம். இவள்தான் ஒற்றைக் கையில் வண்டியைப் பிடித்தபடி நடுச் சாலைக்கு வந்துவிட்டாளாம். சிபாக்கள் தார்ச்சாலை முழுவதும் சிதறிக் கிடந்தன என்றார்.

அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டது. இப்போது தவழ்கிறது. நான் இதுவரை போய்ப் பார்க்கவில்லை.

துக்கத்துக்குப் போனபோது பிளாசிதாவின் புருஷன் ரமோன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். நொறுங்கிய போனைப் போலீஸ்காரர்கள் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். சிம்மை வேறு போனில் போட்டுக் கம்பெனியில் விசாரித்திருக்கிறான்.

"அவ இன்னொரு கையில போன்தான் இருந்துச்சாம். காதுல வச்சிருக்கா," என்றான். "வண்டி ஓட்டறப்ப யார் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டா, என் போனைக்கூட. கடைசியா வந்தது உன் போன். 1:38. என்ன அவசரம் நில்டா?"

நான் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். சர்வரில் பார்த்ததை அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை.

சர்வரில் அவள் பதிவு நகர்ந்தது 1:31. நான் கூப்பிட்டது 1:38. அந்த ஏழு நிமிஷமும் அவள் உயிரோடுதான் வந்துகொண்டிருந்தாள். 'ஓய்வு' கிளையில் அவள் பெயரைப் பார்க்காமல் இருந்திருந்தால், நான் அவளைக் கூப்பிட்டிருக்கவே மாட்டேன்.