கண்ணாடி அலுமாரிக்குள் வைத்த கேசிங்

என் மச்சாளின் பிழைப்பைக் கெடுத்தவன் நான்தான். அவளுடைய கவனக்குறைவு அல்ல. கரண்ட் ஏறி இறங்கியதும் அல்ல. என் வீண் ஆசை!

சாந்தி என் மனைவியின் தங்கை. கலியாணவீடு, சாமத்தியவீடு வீடியோக்களை வெட்டி ஒட்டி ஒழுங்காக்குவது அவள் தொழில். பட்டணத்து ஸ்டூடியோக்காரர் படம் பிடித்துக் கொடுப்பார்; இவள் வீட்டிலிருந்தே செய்து கொடுப்பாள்.

பெரியகல்லாற்றில் வாவிப் பக்கம் எங்கள் வளவு. எங்கள் பகுதியில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாமா மூத்தவளுக்குக் கட்டிய வீட்டில் நாங்கள் இருக்கிறோம்; சாந்தியும் எங்களோடுதான். இளையவளுக்குச் சுவர் எழுப்பியதோடு அவர் போய்விட்டார். அதே வளவில் கூரையில்லாமல் நின்ற அந்தச் சுவர்களுக்கு ஓடு போடத்தான் சாந்தி உழைத்தாள்.

அவளுடைய பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. புதிதாகப் பூட்டுவித்து வர என்னைக் காத்தான்குடிக்கு அனுப்பினாள்.

“கேசிங், அந்த வெளிப்பெட்டி, பெருசா எடுங்க அத்தான். உள்ளுக்க காத்துப் போகணும். செய்யிற வேலைய இன்னொரு கொப்பி வைக்க ரெண்டாவது டிஸ்க்கும் பூட்டணும்.”

படித்துப் படித்துச் சொன்னாள்.

ஆனால் கடையில் அது இருந்தது... தடித்த புத்தகம் ஒன்றைக் கிடத்தி வைத்ததுபோல, மினுங்கும் கறுப்பில் ஒரு சின்னப் பெட்டி. டிவிக்குக் கீழே வைத்தால் வீடே தியேட்டர் என்று பக்கத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

என் மனதில் என்ன ஓடியது தெரியுமா? அந்த வீட்டு ஹோலில் நான் தெரிந்தெடுத்த பொருள் எதுவும் இல்லை. கதிரைகள் மாமா வாங்கியவை. கண்ணாடி அலுமாரி சீதனம். அதற்குள் இருக்கும் பொம்மைகளும் பீங்கான் கோப்பைகளும் மாமியின் தெரிவு. நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவன் நான். வருகிறவர்கள் நின்று பார்க்கிற ஒரு பொருள்... ஒன்றே ஒன்று என் தெரிவாக இருக்கக் கூடாதா?

“என்ன வேலைக்கு அண்ணன்?” என்று கடைக்கார நானா கேட்டார்.

“படம் பாக்க.”

“படம் பாக்க எண்டா இது காணும். வீடியோ வேலை கீலை எண்டா இத எடுத்திராதீங்க. காத்துப் போக வழியில்ல. ரெண்டாவது டிஸ்க்குக்கும் இடமில்ல.”

தலையாட்டினேன். எல்லாம் விளங்கிக்கொண்டுதான் தலையாட்டினேன்!

வீட்டுக்கு வந்து, இப்போதெல்லாம் சின்னதே போதும் என்று கடைக்காரர் சொன்னதாகச் சாந்தியிடம் சொன்னேன். அவள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றாள். பொம்மைகளை ஒதுக்கிவிட்டு அலுமாரிக்குள் நடுவில் அதை வைத்து, வயரை டிவிக்கு இழுத்தேன். உப்புக் காற்றுப் படும் என்று கண்ணாடியையும் இழுத்து மூடினேன்.

“அத்தான் நகைக்கடை திறந்திட்டார்” என்று சாந்தி சிரித்தாள். அயலில் உள்ளவர்கள் வந்து பார்த்தார்கள். நான் பூரித்துப்போனேன்.

பெட்டி கொதித்தது. வேலை நடுவில் தானாகவே நின்றது. வெளியில் எடுத்து வைப்போமா என்று அவள் இரண்டொரு தரம் கேட்டாள். உள்ளே தூசு போய்விடும் என்று தட்டிக்கழித்தேன். கலியாண மாதம் வந்தது. வேலை குவிந்தது. ஒரு மத்தியானம் திரை கறுத்தது. டிஸ்க் போய்விட்டது!

அதற்குள் ஒரு கலியாணம் இருந்தது. மணப்பெண்ணைக் கைபிடித்துக் கொடுத்த தகப்பன், அந்த வீடியோ கைக்கு வருமுன்பே இறந்துபோனார். ஸ்டூடியோக்காரர் கமராவில் இருந்ததை அழித்து வேறு வேலைக்குப் பாவித்துவிட்டார். எஞ்சியிருந்தது சாந்தியிடம் இருந்த ஒன்றுதான். இரண்டாவது டிஸ்க் இருந்திருந்தால்...

அந்தப் பெண் வீடு தேடி வந்தாள். சத்தம் போடவில்லை.

“அப்பாட முகம் வராட்டியும் பரவாயில்ல அக்கா. குரல் மட்டும் எண்டாலும் எடுக்க ஏலுமா?”

 நான் அறைக்குள், கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றேன்.

ஸ்டூடியோக்காரர் வேலை கொடுப்பதை நிறுத்தினார். அவர் சொல்லி மற்றவர்களும் கொடுக்கவில்லை. விடிந்தால் பொழுதுபட்டால் மெஷினை ஓடவிட்டால் எரியாமல் என்ன செய்யும் என்று என் மனைவி தங்கையை ஏசினாள். அப்போது நான் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சோற்றைப் பிசைந்தேன்.

கூச்ச சுபாவம் என்று நீங்கள் மன்னிக்கப் பார்ப்பீர்கள். வேண்டாம்! கடையில் அந்தப் பொய் எவ்வளவு இலகுவாக வந்தது? அப்போது அந்தக் கூச்சம் எங்கே போயிருந்தது?

இப்போது சாந்தி விடியப்புறம் பஸ் ஏறி கார்மெண்டுக்குப் போகிறாள். அந்தச் சுவர்களுக்குள் ஆட்டைக் கட்டுகிறோம். அவளைப் பெண் கேட்டு வந்தவர்கள், வீடு முடியட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள், திரும்ப வரவில்லை. பெட்டிக்குப் புது டிஸ்க் போட்டாயிற்று. பின்னேரங்களில் நான் அதில் படம் பார்க்கிறேன். ஆம், பார்க்கிறேன்... அந்த அளவுக்கு மரத்துப்போனவன் நான்!

போன கிழமை வேலை முடிந்து வந்த சாந்தி, தோளில் கிடந்த பையைக்கூடக் கழற்றாமல் நிலத்தில் குந்தியிருந்து, நான் போட்டிருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“நல்லாத்தான் ஓடுது அத்தான். என்ட கைதான் இதுக்குச் சரிவரல்ல.”

நான் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன்.